தாய் தந்தை இல்லத்தில் அமர்ந்திருந்தால்...



அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வருமாறு இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பிவைத்தார்கள். அவர் திரும்பி வந்து, கொணர்ந்த பொருள்களை இரு கூறாக்கி, இது தங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, இவர் தம் தந்தையின் இல்லத்திலோ தாயின் இல்லத்திலோ அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்களைப் பார்த்து வினவினார்கள்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காணப்படும் இந்த ஹதீஸை ஓதும்போதெல்லாம் 'தாய் தந்தையின் இல்லம்' என்னும் சொல் நம்மை நிறுத்திவிடுகிறது. பதவியும் பட்டமும் ஒட்டாத வெறும் பிள்ளையாக ஒருவன் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதானே!

நம் தமிழகத்தில், இராமேசுவரத்தில் அப்படியோர் இல்லம் இருந்தது. ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியரின் இல்லம். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் வளர்ந்தது அங்கேதான். நாடு விடுதலை பெற்ற வேளையில் ஜைனுலாப்தீன் அவ்வூர்ப் பஞ்சாயத்து போர்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு நாள் மாலை அவர் தொழுகைக்குச் சென்றிருந்தபோது ஒருவர் வந்து, தலைவருக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்றார். தாயாரும் தொழுகையில் இருந்தார். பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவன் கலாம், கட்டில்மீது வைத்துவிட்டுப் போகுமாறு கூறிவிட்டான். தந்தை திரும்பி வந்து பார்த்தார். வெள்ளித் தட்டில் விலையுயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழங்கள், இனிப்புகள்! அதுவரை கண்டிராத கோபத்தைத் தந்தையிடம் அன்றுதான் கண்டதாகவும், முதன்முதலாக அடி வாங்கியதும் அன்றுதான் என்றும் கலாம் அவர்களே பல மேடைகளில் கூறியிருக்கிறார்கள். அழுத மகனின் தோளைத் தொட்டு, தம் அனுமதியின்றி எவரிடமும் எதையும் வாங்கலாகாது என்று தந்தை அறிவுறுத்தினார். ஒருவர் ஒரு பொறுப்பில் அமர்த்தப்பட்டு அதற்குரிய ஊதியமும் பெறுவாராயின், அதற்கு மேல் அவர் எடுப்பது முறைகேடு என்னும் நபிமொழியின் கருத்தையும் எடுத்துச் சொன்னார்.

(அடித்ததை நாம் இங்கே வழிமொழியவில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கி 'சீ' என்ற சொல்லைக்கூட நபிகளார் கூறியதில்லை.)

அதே இல்லத்தில் வேறொரு வகை அன்பளிப்பும் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலம், எல்லாவற்றுக்கும் பங்கீடு. வீட்டில் சப்பாத்தியும் அளவாகத்தான் இருக்கும். தாயார் இட இட, சிறுவன் உண்டுகொண்டே இருந்தான். பிறகு மூத்த சகோதரர் தனியே அழைத்துச் சொன்னபோதுதான், தாய் தம் பங்கையும் சேர்த்துத் தனக்கு இட்டுவிட்டார் என்பது தெரிந்தது. வெள்ளித் தட்டுக்குப் பின்னால் ஏதோ ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருந்தது. இந்தச் சப்பாத்திக்குப் பின்னால் தாயின் பசியன்றி வேறொன்றும் இல்லை.

2006ஆம் ஆண்டு கலாம் அவர்களின் உறவினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டில்லிக்குச் சென்று குடியரசுத் தலைவர் மாளிகையில் சில நாட்கள் தங்கினார்கள். அவர்களுடைய செலவு ஏறத்தாழ 3.5 லட்சம் ரூபாயை அவர் தம் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்தியதை, அவருடைய செயலாளராயிருந்த பி.எம். நாயர் எழுதியிருக்கிறார். அம்மாளிகையைத் தம் தந்தை வீடாக அவர் எண்ணிக்கொள்ளவில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பாப்பிரெட்டிப்பட்டி போன்ற சிற்றூரில் ஒரு பிள்ளைக்கு அரசு வேலை கிடைத்துவிட்டால் தெருவே மகிழ்கிறது, மகிழ வேண்டியதுதான். அடுத்த மாம்பழக் காலத்தில் வாசலில் ஒரு கூடை வந்து இறங்குகிறது. பெரும்பாலும் அதை வாங்கி உள்ளே வைப்பது தாய்தான். "பழந்தானே, இதில் என்ன?" என்பார். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

அப்படியாயின் பதவியில் இருப்பவர் உறவினரிடம்கூட எதுவும் வாங்கலாகாதா என்று கேட்பீர்கள். நீதிபதிக்கு வரும் அன்பளிப்பைப் பற்றி ஹனஃபி சட்ட நூல்கள் இதைத் தெளிவாகவே பேசுகின்றன. நெருங்கிய உறவினரிடமும், பதவிக்கு முன்பிருந்தே கொடுத்து வருபவரிடமும் வாங்கலாம். ஆனால் வழக்கமான அளவுக்கு மேல் கூடாது. கொடுப்பவருக்கு அவரிடம் வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அதுவும் கூடாது. இந்த அளவுகோலை எந்த அலுவலருக்கும் பொருத்திப் பார்க்கலாம். தாய்மாமன் ஆண்டுதோறும் அனுப்பும் கூடையை மகிழ்ச்சியுடன் இறக்கிக்கொள்ளுங்கள். மகனுக்கு வேலை கிடைத்த பிறகே நம் தெருவைக் கண்டுபிடித்தவரின் கூடையைப் பணிவான சொல்லுடன் திருப்பி அனுப்புங்கள். அதற்கு வண்டிக்கூலி ஆகுமானால், அதையும் நாமே கொடுத்துவிடலாம்.