இணைப்பு எங்கே என்று கேட்காததால் வந்த வினை

கடைக்கு ஒரு காசாளரையோ சாரதியையோ வேலைக்குச் சேர்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அவர் கொண்டு வரும் சான்றிதழ்களையும் முன்னைய முதலாளியின் கடிதத்தையும் வாங்கிப் பார்க்கிறோம். கோவையில் போட்டு வைக்கிறோம். அத்துடன் விடயம் முடிந்துவிடும். அவர் கொண்டு வராத கடிதம் ஏதும் இருக்கின்றதா என்று தேடுவதில்லை. இதே தவறால் ஓர் அரசாங்க வைத்தியசாலையே சிக்கிய சம்பவம் அவுஸ்திரேலியாவில் நடந்தது.

2003ஆம் ஆண்டு குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபேர்க் வைத்தியசாலையில் ஜயந்த் பட்டேல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் சேர்ந்தார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் நீண்டகாலம் தொழில் செய்தவர். விரைவிலேயே சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவராகவும் ஆனார். ஆனால் ஈரல், கணையம் சம்பந்தமான சத்திரசிகிச்சைகளை அவர் செய்யக்கூடாதென அமெரிக்காவின் ஒரிகன் மாநில மருத்துவ சபை 2000ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருந்தது. 2001இல் நியூயோர்க் மாநில அனுமதிப்பத்திரத்தையும் அவர் திருப்பி ஒப்படைத்திருந்தார்.

இவை இரகசியங்கள் அல்ல. குயீன்ஸ்லாந்து அதிகாரிகளின் கைக்கு வந்த ஒரிகன் சான்றிதழிலேயே, பகிரங்கக் கட்டளை ஒன்று உண்டு, இணைப்பைப் பார்க்கவும் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. இணைப்பு மட்டும் இருக்கவில்லை. அது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

டோனி ஹொஃப்மன் என்ற தாதி தொடர்ந்து முறைப்பாடு செய்தார். 2005 மார்ச்சில் விடயம் மாநிலப் பாராளுமன்றத்துக்கு வந்தது. அடுத்த மாதம் ஹெட்லி தோமஸ் என்ற பத்திரிகையாளர் வைத்தியரின் பெயரைக் கூகுளில் தேடினார். பழைய கட்டளைகள் உடனே அகப்பட்டன. அதற்குள் நோயாளிகள் பலர் பாதிக்கப்பட்டிருந்தனர். மரணம் விளைவித்ததாக 2010இல் பட்டேலுக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2012இல் இரத்துச் செய்தது. எனினும் மோசடியாகப் பதிவும் வேலையும் பெற்றதை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

அவுஸ்திரேலியாவில் 2010 ஜூலை முதல் நாடளாவிய பொதுப் பதிவேடு நடைமுறையில் உள்ளது. வைத்தியர், தாதி, மருந்தாளர் ஆகியோரின் பெயரை யாரும் இலவசமாகத் தேடலாம். ஒருவர் மீது நிபந்தனையோ இடைநிறுத்தமோ இருந்தால் அதில் தெரியும். பதிவு இரத்தானவர்களுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. இது முக்கியமானது. ஏனெனில் பிரதான பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், அவர் ஓய்வு பெற்றாரா, நீக்கப்பட்டாரா என்று அதை மட்டும் வைத்து அறிய முடியாது.

பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. முறைப்பாடு செய்யப்படாத குற்றம் அதில் ஏறாது. வைத்தியரின் சொந்த நோய் சம்பந்தமான விபரங்கள் அந்தரங்கம் கருதி மறைக்கப்படலாம். ஆகவே பதிவேடு சுத்தமாக இருப்பது நற்சான்று அல்ல. விசாரணையின் முதற்படி மட்டுமே.

நமது வியாபாரத்துக்கும் இதில் பாடம் உண்டு. சான்றிதழை, கொண்டு வந்தவரிடமல்லாமல் வழங்கிய இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பாமல் அந்த நிறுவனத்தின் இலக்கத்தை நாமே தேடி எடுக்க வேண்டும். இணைப்பு என்று எழுதியிருந்தால் அது கைக்கு வரும் வரை சாவியையோ காசுப் பெட்டியையோ ஒப்படைக்கக் கூடாது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவு எவ்வளவு? அதை மிச்சப்படுத்தப்போய் வரும் நட்டத்துக்குக் கணக்கே இல்லை.