அரசன் நினைவாக ஒரு தண்ணீர்ப் பந்தல்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் திட்டக்குடியில் தண்ணீர்ப் பந்தல்கள் தோன்றத் தொடங்கிவிடும். வெள்ளாறு வெறும் மணலாகக் கிடக்கும் அந்த நாள்களில், வெயிலில் வந்து நிற்பவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் என்பது சிறிய உதவியல்ல. ஆனால், சில பந்தல்களில் பானையைவிடப் பதாகை பெரிதாக இருக்கும். திறப்பு விழா முடிந்த பத்தாம் நாள் பானை வறண்டுவிடும். பதாகை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதைக் காணும்போதெல்லாம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, 1044-இல் வைக்கப்பட்ட ஒரு தண்ணீர்ப் பந்தல் என் நினைவுக்கு வருகிறது.

செய்யாறு அருகேயுள்ள பிரம்மதேசத்தில் சந்திரமௌலீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு முதலாம் ராஜாதிராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவனுடைய தந்தை முதலாம் ராஜேந்திர சோழன் மறைந்ததையும், அரசி வீரமாதேவியார் கணவனோடு தீப்புகுந்ததையும் அது குறிப்பிடுகிறது. அரசியின் உடன்பிறந்தவனான சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான், அவ்விருவர் நினைவாகவும் தண்ணீர்ப் பந்தல் அறம் ஒன்றை ஏற்படுத்தினான் என்பதே அக்கல்வெட்டின் செய்தி.

மறைந்தவன் யார் என்று எண்ணிப் பார்த்தால் இச்செய்தியின் கனம் புரியும். ராஜராஜனின் மகனாகப் பிறந்து, 1012-இல் தந்தையுடன் இணையரசனாகி, 1014 முதல் தனியரசனாக ஆண்டவன் ராஜேந்திரன். அவனுடைய படைகள் வடக்கே கங்கைவரை சென்றன. 1025-இல் கப்பற்படை கடல் கடந்து ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. கடாரம் கொண்டான் என்ற பெயர் நிலைத்தது. அவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம், சோழ அரசு முடியும்வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக விளங்கியது.

குடும்பத்திலும் அவனுக்குக் குறையில்லை. மூத்தவன் ராஜாதிராஜனை 1018-லேயே இணையரசனாக்கினான். ராஜாதிராஜன் 1054-இல் கொப்பம் போர்க்களத்தில் யானைமீது இருந்தபடியே உயிர்நீத்தபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அக்களத்திலேயே முடிசூடினான். அவனுக்குப் பின்னர் இளையவன் வீரராஜேந்திரன் ஆண்டான். மூன்று மகன்கள் அடுத்தடுத்து அரியணை ஏறியும், 1070-இல் ஆண்வழி அறுந்தது. ராஜேந்திரனின் மகள் அம்மங்கை கீழைச் சாளுக்கிய அரசனை மணந்து பெற்ற மகனே முதலாம் குலோத்துங்கனாக வந்து சோழநாட்டை ஆண்டான்.

சோழ அரசர்களின் மறைவைக் கல்வெட்டுகள் இறப்பு என்று சொல்வதில்லை. 'துஞ்சுதல்' என்ற சொல்லால் குறிக்கின்றன. எங்கே, எவ்வாறு மறைந்தார்களோ அதுவே அவர்களுக்குப் பெயராகவும் அமைந்தது. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனான். கொப்பத்தில் மாண்ட ராஜாதிராஜன் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' எனப்பட்டான். அவ்வாறு துஞ்சியவர்களுக்காக எழுப்பப்பட்ட கோயில்களே பள்ளிப்படைகள். தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் மேல்பாடியில் ஒரு பள்ளிப்படை எடுத்தான். ராஜேந்திரனோ தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காகப் பட்டீசுவரம் அருகே ஒன்றை எழுப்பினான். பெற்ற தாயல்லாத ஒருத்திக்கு மன்னன் செய்த அந்த மரியாதை இன்றும் கல்லாய் நிற்கிறது.

அப்படியானால் ராஜேந்திரனுக்கான பள்ளிப்படை எது? பிரம்மதேசம் கோயிலையே அவனது பள்ளிப்படை என்று கூறுவோர் உண்டு. ஆனால், அக்கோயிலில் ராஜேந்திரனுக்கு முற்பட்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன; எனவே, அவனுக்காகவே எழுந்த கோயில் என்று அதைச் சொல்லிவிட முடியாது. தொண்டை மண்டலப் பயணத்தின்போது அவன் அங்கே மறைந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றறிஞர்களின் கருத்து. உறுதியாக நம் கையில் இருப்பது தண்ணீர்ப் பந்தல் பற்றிய கல்வெட்டு மட்டுமே.

நீத்தார் தாகத்தோடு இருப்பார்கள் என்பது நம் மக்களின் தொன்மையான நம்பிக்கை. எள்ளும் நீரும் இறைப்பதும், இறந்தவர் படத்தின் முன் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பதும் அதனால்தான். பரகேசரி வேளான் அந்த நம்பிக்கையை ஒரு படி மேலே கொண்டு சென்றான். இறந்தவர்களின் தாகத்தை, இருப்பவர்களின் தாகத்தைத் தணிப்பதன் வழியே தணிக்க முனைந்தான். வழிப்போக்கன் எவனோ பருகும் நீர், பேரரசனுக்கும் அரசிக்கும் சென்று சேரும் என்று அவன் நம்பினான்.

இங்கே ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. வீரமாதேவியார் தீப்புகுந்ததை இன்று நாம் பெருமையாகப் பேச இயலாது. ராஜராஜனின் தாய் வானவன்மாதேவியும் இவ்வாறே, பால்குடி மறவாத குழந்தையை விட்டுவிட்டுத் தீப்புகுந்ததாகத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. இவை வீரக் கதைகளல்ல. உயிரோடு இருந்திருக்க வேண்டிய பெண்களின் முடிவுகள். எரிந்துபோனவளின் தாகத்தை நினைத்துத் தண்ணீர் வைத்தவன் அவளுடன் பிறந்தவன் என்பதைப் படிக்கும்போது, அக்கல்வெட்டு எனக்கு அரசாணையாகத் தெரிவதில்லை; ஓர் அண்ணனோ தம்பியோ அடைந்த துயரமாகவே தெரிகிறது.

அதே காலத்தில் உலகின் மறுபக்கம் இன்னொரு கடலோடி அரசன் இருந்தான். டென்மார்க்கிலிருந்து வந்து 1016-இல் இங்கிலாந்தின் அரசனாகி, நார்வேவரை ஆட்சி செலுத்திய கனூட் அவன். கடற்கரையில் அரியணையிட்டு அமர்ந்து, அலைகளை நிற்கச் சொல்லி ஆணையிட்டுப் பார்த்து, அரச அதிகாரத்தின் எல்லையைத் தன் அவையினருக்கு உணர்த்தினான் என்று ஒரு கதை உண்டு. 1035-இல் மறைந்த அவனை வின்செஸ்டரில் அடக்கம் செய்தனர். அவனுடைய மகன்களும் 1042-க்குள் இறந்துபோக, அந்த வழியும் முடிந்தது. பிற்காலத்தில் அவனது எலும்புகள் மற்ற அரசர்கள், ஆயர்களின் எலும்புகளோடு பேழைகளில் வைக்கப்பட்டன. 1642-இல் உள்நாட்டுப் போரின்போது படைவீரர்கள் பேழைகளைத் திறந்து எலும்புகளை வாரி இறைத்தார்கள். பின்னர் அள்ளி வைக்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட எலும்புகளில் குறைந்தது 23 பேருடையவை கலந்திருப்பதாக அண்மைக்கால ஆய்வு கண்டறிந்தது. கல்லறையும் பேழையும்கூட அரசனை அடையாளத்தோடு காத்துத் தருவதில்லை.

ராஜேந்திரன் தன் நினைவுச் சின்னத்தைத் தானே அமைத்துவிட்டான். கங்கை வெற்றியின் அடையாளமாக அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியை, நீராலான வெற்றித்தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்று அதன் பெயர் பொன்னேரி. அதன் கரை 16 மைல் நீளமுடையது என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட ஒரு கால்வாயும், வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்றும் அதற்கு நீர் கொண்டுவந்தன என்றும் 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்று பதிவுசெய்திருக்கிறது. எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் வெள்ளாற்று நீருக்கும் அந்த வெற்றித்தூணில் பங்கு இருந்தது.

பின்னர் கால்வாய்கள் தூர்ந்தன, ஏரி காடாயிற்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கருங்கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. அது வரலாற்றுக்கு நேர்ந்த பெரும் இழப்பு. இருப்பினும் அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியே வீராணம் நிரம்புகிறது. வீராணத்து நீர் சென்னைவரை செல்கிறது. ராஜேந்திரனின் கற்கள் இன்றும் நீரைத் தேக்கிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.

ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. மகிழ்ச்சிக்குரியதுதான். சோழ மன்னர்களின் சமாதி எங்கே என்ற வாதங்களும் அவ்வப்போது எழுகின்றன. தேடல் தவறில்லை. ஆனால், சிலைகளுக்கும் மணிமண்டபங்களுக்கும் முன்னதாக நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பொன்னேரியின் வரத்துக் கால்வாய்கள் முழுமையாக மீட்கப்பட வேண்டும். பிரம்மதேசம் கல்வெட்டின் பொருளை, அங்கு வரும் ஒரு பள்ளி மாணவன் நின்று படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

இவற்றை அரசு செய்ய வேண்டும். நாம் செய்யக்கூடியது அதைவிட எளிது. அடுத்த கோடையில் யார் நினைவாகவேனும் ஒரு பந்தல் வைப்போமானால், ஆனி பிறக்கும்வரை அந்தப் பானை வறளாமல் பார்த்துக்கொள்வோம். கடல் கடந்து வென்றவனுக்கு அவனுடைய மைத்துனன் செய்தது அவ்வளவுதான்; ஆயிரம் ஆண்டு கடந்தும் அதை நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.