தடவிய ஜெல்லில் இருந்த வைட்டமின் எங்கே போகிறது?

முகத்தில் வைட்டமின் ஜெல் தடவுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் ஈரம் காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த வைட்டமின் எங்கே போனது?

முதலில் தோலைப் பாருங்கள். அதன் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர். இறந்த செல்கள் செங்கற்கள். இடையில் பூசிய சாந்து, கொழுப்பு. முகத்தில் இந்தச் சுவர் காகிதத்தைவிட மெல்லியது. ஆனாலும் மழைநீரை உள்ளே விடாது!

பிறகு வைட்டமின் எப்படி நுழையும்? சாந்து வழியாக, செங்கற்களைச் சுற்றி வளைந்து வளைந்துதான். அதற்கு உருவம் சிறிதாக இருக்க வேண்டும். கொழுப்போடும் ஒத்துப்போக வேண்டும்.

வைட்டமின் 'இ' கொழுப்பில் கரையும். 'சி' சிறியது, ஆனால் தண்ணீரையே நாடும். அதனால் சாந்தில் திணறும். 'பி12' அதைவிட ஏழு மடங்குக்கு மேல் கனமானது. சந்தில் லாரி நுழைவதுபோல்தான்.

இங்கே ஜெல் என்ன செய்கிறது? நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி தண்ணீர், ஆனாலும் வழிந்தோடாது. ஜெல்லிலும் நுண்ணிய இழைகள் வலைபோலப் பின்னி நீரைப் பிடித்து வைக்கின்றன. வைட்டமின் அந்த வலைக்குள் மிதக்கிறது.

தோலில் தடவியதும் நீர் ஆவியாகிறது. மிஞ்சிய இடத்தில் வைட்டமினுக்கு நெரிசல். கூட்டம் நிறைந்த பேருந்திலிருந்து இறங்குவதுபோல், அது நெரிசல் இல்லாத தோலின் பக்கம் நகர்கிறது. ஜெல்லில் ஆல்கஹால் சேர்த்திருந்தால் சாந்தும் சற்றே இளகி வழிவிடும்.

அப்படியானால் வைட்டமினுக்காக நெல்லிக்காய் சாப்பிட வேண்டாமா? வேண்டும். தடவியதில் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடித்தால், வீட்டுக்குள் இருப்பவரின் பசி தீருமா?