நெல்லும் பதரும்: குற்றவியல் ஆய்விதழ்கள் ஓர் அறிமுகம்

முத்துப்பேட்டைப் பக்கத்துக் களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெல் காலடியில் குவியும். பதர் காற்றோடு போகும். ஆய்வுக் கட்டுரைகளுக்கும் அத்தகைய தூற்றல் உண்டு என்பதை இழப்பின் வழியே கற்றேன். அதனை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றச் சட்டத் துறையில் இதழ்கள் இருவகைப்படும். முதலாவது தீர்ப்பிதழ். 1891-இல் சென்னையில் தோன்றிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' இவ்வகையில் மூத்தது. தீர்ப்புகளைச் சுருக்கக் குறிப்போடு அச்சிடுவதால், வழக்கறிஞர்கள் பக்க எண்ணைச் சொல்லி வாதாட முடிகிறது. இரண்டாவது, குற்றம் ஏன் நிகழ்கிறது, தண்டனை திருத்துகிறதா என்று ஆராயும் குற்றவியல் இதழ். 1970-இல் அமைந்த இந்தியக் குற்றவியல் கழகம் இத்தகைய இதழொன்றை நடத்தி வருகிறது. 2007-இல் அறிஞர் ஜெய்சங்கர் இணையவழிக் குற்றங்களுக்கெனத் தனியாக ஓர் ஆய்விதழ் தொடங்கினார்.

நல்ல ஆய்விதழ் கட்டுரையாளரின் பெயரை மறைத்து, துறை வல்லுநர்களிடம் கட்டுரையை அனுப்பும். அவர்கள் ஏற்பர், திருத்தச் சொல்வர், அல்லது திருப்பி அனுப்புவர். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். இதுவே தூற்றல்.

எனக்கோ அந்தப் பொறுமை இல்லை. களத்தில் நடக்கும் சிறு நெல் திருட்டுகள் பற்றிக் கட்டுரை எழுதினேன். மூன்றே நாளில் வெளியிடுவதாக ஓர் இதழ் இரண்டாயிரம் ரூபாய் கேட்டது. உளுந்து விற்ற பணத்திலிருந்து அப்பா கொடுத்தார். கட்டுரை எழுத்துப் பிழையோடு அப்படியே வெளிவந்தது. பெருமையோடு பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் ஒரே பார்வையில், "தம்பி, இந்தச் சட்டம் இப்போது இல்லையே!" என்றார்.

உண்மைதான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவை வைத்து, சிறு திருட்டுக்கும் சிறையும் அபராதமுமே வழி என்று நான் முடித்திருந்தேன். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறை தண்டிக்கப்படுபவர் அப்பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. என் முடிவே தவறு! அதை நம்பி ஓர் ஏழை கலங்கினால் யார் பொறுப்பு?

தரமான இதழ்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஆகவே தேர்வு நம் பொறுப்பாகிவிட்டது. கட்டணம் கேட்கும் இதழெல்லாம் போலியன்று. மதிப்பீடு செய்யாமலே பணம் கேட்பதுதான் ஐயத்துக்குரியது. ஆசிரியர் குழுவில் இருப்போர் யாவர், பழைய இதழ்கள் எத்தகையவை என்று பாருங்கள். அனுப்புமுன் நம் பேராசிரியர்களிடம் காட்டுங்கள்.

நண்பர்களே, என் கட்டுரையைத் திருத்தி எழுதி வருகிறேன். இம்முறை தூற்றிய பிறகே அது களம் விட்டுப் போகும்.