குழந்தையின் மூட்டும் கேளா ஒலியும்

காலையில் படுக்கையை விட்டெழுந்த குழந்தை நொண்டி நடக்கிறது. வெயில் ஏறியதும் ஓடியாடுகிறது. "எங்கேயோ விழுந்திருப்பான், எண்ணெய் தடவினால் போய்விடும்" என்று பெற்றோர் இருந்துவிடுகின்றனர். வாரங்கள் சென்றும் நொண்டல் நீங்காவிடில் அது கீல்வாதமாக இருக்கக்கூடும். கீல்வாதம் கிழவர்க்கே உரியதென நாம் எண்ணுகிறோம். ஆனால் சிறாரின் மூட்டு நோயை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1897-லேயே விரித்துரைத்தார். 16 வயது நிறைவதற்குள் தோன்றி, 6 வாரங்களேனும் நீடித்து, வேறு காரணம் புலப்படாத மூட்டழற்சியே இந்நோய்.

ஹைதராபாத்தில் தாய் சேய் நலனுக்கென 1953 முதல் நீலோபர் மருத்துவமனை நடைபெறுகிறது. 1964-ல் எலும்பு மருத்துவமனையாகத் தோன்றிய நிறுவனமோ நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகமாக வளர்ந்து, மூட்டு நோய்களுக்குத் தனித்துறையே கொண்டுள்ளது. இத்தகைய இடங்களில் 3 வயதுப் பிள்ளையிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால், அது அழுமேயன்றி விடை கூறாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூட்டின் உட்சவ்வு வீங்கியிருப்பதைக் காட்டாது. எலும்பு அரிக்கப்பட்ட பின் அறிந்து பயனென்ன? காந்தப் படக் கருவிக்குள் சிறு குழந்தை அசையாது கிடப்பதும் அரிது. சில வேளை மயக்க மருந்தே தேவைப்படும்.

இங்கேதான் கேளா ஒலி கைகொடுக்கிறது. நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இக்கருவியோ பல லட்சம் அதிர்வுகளை உடலுக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது. தேங்கிய நீர் கருமையாகவும், தடித்த சவ்வு சாம்பல் நிறமாகவும் தெரியும். டாப்ளர் முறையில் பார்த்தால் சவ்வினுள் ஓடும் குருதி வண்ணமாகத் தோன்றி, அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருப்பதை உணர்த்தும். தாயின் மடியிலிருந்தபடியே பல மூட்டுகளைப் பார்த்துவிடலாம், கதிர்வீச்சு இல்லை.

ஆனால் ஓர் இடர் உண்டு. குழந்தையின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்; அதுவும் படத்தில் கருமையே. வளரும் குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய் இருப்பதும் இயல்பு. பெரியோர் மூட்டை மட்டும் பார்த்துப் பழகியவர் இவற்றை நோயென மயங்கக்கூடும். கருவியால் சற்றே அழுத்தினால் நீர் விலகும், குருத்தெலும்பு விலகாது. மறுபக்க மூட்டுடன் ஒப்பிடுவதும் உதவும்.

கருவின் பாலறிவதைத் தடுக்க 1994-ல் இயற்றப்பட்ட சட்டம் முழங்காலைப் பார்க்கும் கருவியையும் விட்டுவைக்கவில்லை. அதனையும் பதிவு செய்தாக வேண்டும். நாட்டின் நிலையை நோக்க, இச்சிரமம் பொறுக்கத்தக்கதே.

நேயர்களே, இச்சோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தடவும் களிம்பு குளிரும், அவ்வளவே. ஆயினும் இந்நோய் வலியின்றிக் கண்ணையும் தாக்கவல்லது. மூட்டுப் படம் அதைக் கூறாது. ஆதலால் கண் மருத்துவரிடமும் குழந்தையைக் காட்டிவிடுங்கள்.