விரல் மடங்காவிட்டால் எவ்வளவு?

அண்ணனூரிலிருந்து சி.டி.எச். சாலை ஏறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு பைக்கில் போகிறவர்களில் கையை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம்: லேத், வெல்டிங், பெயின்டிங். லாரி இடித்து அந்தக் கை மடங்காமல் போனால் இழப்பீடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு, எதை வைத்து என்பதில்தான் குழப்பம்.

மருத்துவர் ‘30 சதவீத ஊனம்’ என்று சான்று கொடுத்ததும், பணமும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று பலர் அடங்கிவிடுகிறார்கள். 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துவிட்டது. ஊனத்தின் அளவைச் சொல்வது மருத்துவர் வேலை. அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று முடிவெடுப்பது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேலை. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம் என்று தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 32, மாதம் 15,000 ரூபாய், தனியார் பட்டறை வேலை. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் (2017 பிரணய் சேத்தி தீர்ப்பு) 21,000. ஆண்டுக்கு 2,52,000. 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. இழப்பு 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். ‘இந்தக் கையால் இனி லேத் ஓட்ட முடியாது’ என்று நிரூபித்து, 60 சதவீதம் என்று ஏற்கவைத்தால் 24,19,200. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துகிறவர்கள் சம்பளச் சீட்டையும் பி.எஃப். பதிவையும் அதே அக்கறையோடு வைத்துக்கொள்வதில்லை. கூலியை ரொக்கமாக வாங்குகிறவருக்கு முதலாளியோ உடன் வேலை பார்ப்பவரோ சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் தர வேண்டியது இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனம். அரசு பஸ் என்றால் கதை வேறு. சொந்த நிதி வைத்திருக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்களிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்போது கழகமே தர வேண்டிய இழப்பீட்டுப் பணம் வராமல் இழுத்தடிக்கும்போதுதான் ‘அரசு பஸ் ஜப்தி’ என்ற செய்தியை நாம் படிக்கிறோம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம். 2022 ஏப்ரலுக்கு முன் இது 12,500, 25,000 என்று இருந்தது. எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சைக்கு இன்றும் காணாத தொகை.

பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் அதன் இன்சூரன்ஸ் தரும். தவறு தம் பைக்கை ஓட்டியவருடையது, பாலிசியோ வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால், பின்னிருக்கைக்காரருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் தர வேண்டியதில்லை. பேக்கேஜ் பாலிசிதான் கைகொடுக்கும்.

விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது; ஆனாலும் முடிவுக்குக் காத்திராமல் மனு போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதி; அனுப்பினார்களா என்று ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். விபத்து விழுப்புரத்தில் நடந்திருந்தாலும், அண்ணனூர்க்காரர் தம் வீடு இருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம்.