தீக்காயத்துக்கு வெள்ளைக் களிம்பு: எப்போது, எப்படி, யாருக்கு?

சுடுநீர் கொட்டிவிட்டது, அடுப்புத் தீ சேலையில் பற்றிவிட்டது என்றால் நமது மக்கள் கேட்கும் முதற் கேள்வி "என்னத்தைப் பூசுறது?" என்பதுதான். முன்பெல்லாம் பற்பசை, தேங்காயெண்ணெய் என்று பதில் வரும். இப்போது பல வீடுகளில் இன்னொரு பதிலும் இருக்கின்றது. எப்போதோ யாருக்கோ வைத்தியசாலையில் எழுதிக் கொடுத்த வெள்ளைக் களிம்பின் மிச்சம் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றது. அவசரத்துக்கு அதை எடுத்துப் பூசிவிடுகின்றார்கள்.

அது நல்ல மருந்துதான். ஆனால் முதலுதவி மருந்து அல்ல. காயத்தைத் தண்ணீரில் ஆற்றி, வைத்தியர் பார்த்து, கழுவிச் சுத்தமாக்கிய பிறகு வரவேண்டிய மருந்து அது. இந்த வரிசை மாறிவிட்டால் நன்மையை விடத் தீமையே அதிகமாகலாம். ஆகவே இவ்விதழில் அந்தக் களிம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

நானுஓயா போன்ற இடங்களில் வாழ்கின்றவர்களுக்கு நெருப்போடு உறவு அதிகம். ஐயாயிரம் அடிக்கு மேலான குளிரில் குளிக்கவும், குழந்தையைக் கழுவவும், தேநீர் ஊற்றவும் எந்நேரமும் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். லயத்துக் குசினியில் இருக்கும் ஆபத்து, இடம்பெயர்ந்து தற்காலிகக் குடிசைக்கோ கூடாரத்துக்கோ போகும்போது இரட்டிப்பாகின்றது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பின்னும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழைக்குப் பின்னும் மலையகக் குடும்பங்கள் பல இப்படித்தான் வாழ நேர்ந்தது. மூன்று கல் அடுப்பு தரையில் இருக்கும். பிள்ளை தவழுவதும் அதே தரையில்தான். சுற்றிலும் பொலித்தீன். மின்சாரம் இல்லாவிட்டால் குப்பி விளக்கு.

குப்பி விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மண்ணெண்ணெய் விளக்கு சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் வருந்தி, 1992இல் ஒரு பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். குட்டையானது, கனமானது, தட்டினாலும் உருளாதபடி பக்கங்கள் தட்டையானது, திருகி மூடும் உலோக மூடி கொண்டது. சுதீபா என்று பெயர். 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கிடைக்காவிட்டாலும் அதன் பாடம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஒல்லியான சோடாப் போத்தலில் திரி போட்டு எரிக்காதீர்கள். குட்டையான, அடி அகன்ற, மூடி இறுகிய போத்தலையே பாவியுங்கள்.

இனி காயத்துக்கு வருவோம். உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. நின்று, படுத்து, உருள வேண்டும். மின்சாரம் தாக்கியிருந்தால் சுவிட்சை அணைக்காமல் ஆளைத் தொடக்கூடாது. பிறகு முதல் மருந்து தண்ணீர். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பீலித் தண்ணீரும் சரி, குழாய்த் தண்ணீரும் சரி, எதுவும் இல்லையென்றால் சுத்தமான வாளித் தண்ணீரைக் கோப்பையால் திரும்பத் திரும்ப ஊற்றுவதும் சரி. இருபது நிமிடம் என்பது மிக நீண்ட நேரமாகத் தோன்றும். பிள்ளை அலறும், அக்கம்பக்கத்தார் "போதும், போதும்" என்பார்கள். விடக்கூடாது. நெருப்பு அணைந்த பின்னும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது தண்ணீர் மட்டுமே. உடனே செய்யத் தவறினாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பயனுண்டு.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை அவசியம். மார்கழி, தை மாதத்துப் பீலித் தண்ணீரில் சிறு பிள்ளையை முழுதாக நனைத்தால் உடல் விறைத்துப்போகும். எரிந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். பிள்ளை நடுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஐஸ் வேண்டவே வேண்டாம். வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பற்பசை, முட்டை, நெய், மஞ்சள், மை, கோப்பித் தூள் எதுவுமே வேண்டாம். எண்ணெயும் வேண்டாம் என்று சொன்னால், "நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெய் வார்க்கவில்லையா, சாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. வார்த்தார். ஆனால் அது தீக்காயம் அல்ல, கள்வர் அடித்த காயம். மேலும் அவர் அத்தோடு விட்டுவிடாமல், தம் வாகனத்தில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய், செலவுக்கும் பணம் கொடுத்தார். நாம் பின்பற்ற வேண்டியது அந்தப் பாதியை.

தண்ணீர் விட்டபின் காயத்தின் மேல் சுத்தமான பருத்தித் துணியையோ, உணவு சுற்றும் புதிய மெல்லிய பொலித்தீனையோ மெதுவாக விரியுங்கள். இறுக்கிச் சுற்ற வேண்டாம், முகத்தில் பொலித்தீன் வேண்டாம். வாழை இலை வைக்கலாமா என்று கேட்பார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் வாழை இலையைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தி, 2003இல் ஆய்வும் வெளியிட்டார்கள். காயத்தில் ஒட்டாது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அவர்கள் பாவித்தது கிருமி நீக்கிய இலை, கொல்லையிலிருந்து வெட்டிய இலை அல்ல.

எவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்? காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவரது உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. கொப்புளமிட்ட காயம் அந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால் போகவேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டால் சிறிதாயிருந்தாலும் போகவேண்டும். கைக்குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், சீனி வியாதிக்காரர், மின்சாரம் தாக்கியவர், புகையைச் சுவாசித்தவர் எல்லோரும் போகவேண்டும். வெள்ளையாகவோ கறுப்பாகவோ வறண்டு, தொட்டால் வலியே இல்லாத காயத்தைப் பார்த்து "நோவு இல்லை, பயமில்லை" என்று எண்ணாதீர்கள். நரம்பும் சேர்ந்து எரிந்துவிட்டதால்தான் வலி இல்லை. அதுவே ஆழமான காயம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் வரும். பணம் கிடையாது. இச்சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. பாதை மோசமாயிருந்தால் எந்த இடம்வரை ஆளைத் தூக்கி வருவது என்று தொலைபேசியிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாட்சம்பளம் போகுமே என்று ஒரு நாள் பொறுப்பவர்களை நாம் அறிவோம். அந்த ஒரு நாளில் கிருமி உள்ளே போய்விட்டால், பிறகு போவது பல வாரச் சம்பளம். வைத்தியசாலையில் ஏற்பு வலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

இனிக் களிம்பு. இதன் பெயர் சில்வர் சல்பாடயசின். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து கலந்த வெள்ளைக் கிறீம். இரண்டு பொருட்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. ஒன்று வெள்ளி, அதாவது நம் கொலுசு, அரைஞாண் செய்யும் அதே உலோகம், கிருமியைக் கொல்லும் வடிவில். மற்றது சல்பா மருந்து. 1930களில் ஜேர்மனியில் கெர்ஹார்ட் டொமாக் சல்பா மருந்துகளுக்கு வழி திறந்தார். இரண்டையும் இணைத்து 1960களில் இக்களிம்பை உருவாக்கியவர் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பொக்ஸ். அக்காலத்தில் பெரிய தீக்காயக்காரர்கள் நெருப்பிலிருந்து தப்பினாலும், சில நாட்களில் பச்சை நிறச் சீழ் உண்டாக்கும் ஒருவகைக் கிருமியால் இறந்துபோவார்கள். அக்கிருமியை அடக்கியதால்தான் இக்களிம்பு உலகெங்கும் பரவியது.

ஆனால் காலம் மாறிவிட்டது. சாதாரண, மேலோட்டமான தீக்காயங்களை இக்களிம்பு விரைவில் ஆற்றுவதில்லை. மாறாக, வேறு சில நவீன கட்டுகளை விடத் தாமதப்படுத்துகின்றது என்று 2013இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே ஒரு டொக்டர் இக்களிம்பை எழுதாமல் வெறும் ஒட்டாத கட்டு மட்டும் போட்டு அனுப்பினால், "மருந்தே தரவில்லை" என்று குறைப்படவேண்டாம். கிருமி பிடிக்கும் ஆபத்துள்ள ஆழமான காயங்களுக்கே இதன் தேவை அதிகம்.

வைத்தியர் பார்ப்பதற்கு முன் ஏன் பூசக்கூடாது? களிம்பு காயத்திலிருந்து வடியும் நீரோடு கலந்து வெள்ளை அல்லது மஞ்சள் படலமாகப் படியும். அதன் அடியில் தோல் சிவந்திருக்கின்றதா, வெளிறியிருக்கின்றதா என்று பார்க்க முடியாது. தோல் ஒட்டும் சிகிச்சை தேவையா, இல்லையா என்பதை அந்த நிறத்தை வைத்தே தீர்மானிக்கின்றார்கள். அதை மறைத்துவிட்டால் முதல் நாளிலேயே தீர்மானம் குழம்பிவிடும்.

சிலருக்கு இக்களிம்பு ஆபத்தானது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைகளுக்குப் பூசக்கூடாது. நிறைமாதக் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்கவேண்டும். சல்பா மருந்து குழந்தையின் மஞ்சட்காமாலையை மூளைவரை கொண்டுபோய்விடலாம். பச்சிளம் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயும் அதை டொக்டரிடம் சொல்லவேண்டும். முன்பு சல்பா மாத்திரை ஏதாவது குடித்துத் தோல் தடித்தவர், ஈரல், சிறுநீரக நோயாளர், ஜீ-சிக்ஸ்-பீ-டீ என்னும் இரத்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஆகியோரும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். பெரிய காயத்தில் பூசும்போது மருந்து இரத்தத்துக்குள்ளும் போகும் என்பதை நினைவில் வைத்திருங்கள். பூச்சு மருந்துதானே என்று இலேசாக எண்ணக்கூடாது. முகத்தில் டொக்டர் சொல்லாமல் பூசவேண்டாம். தோல் சாம்பல் நிறமாகிவிடக் கூடும்.

வீட்டில் கட்டு மாற்றச் சொன்னால், முதல் தடவை தாதி செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டாம் தடவை அவர் முன்னிலையில் நீங்களே செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதை நன்றாகச் செய்வார்கள், கண்ணால் பார்த்திருந்தால்.

நோவுக்கு டொக்டர் தந்த மருந்தை அரை மணித்தியாலம் முன்னதாகக் கொடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி வைத்து ஆற்றுங்கள். சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கைகழுவுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீரால் ஊறவைத்து எடுங்கள். அடுத்ததுதான் முக்கியமானது: பழைய களிம்பு முழுவதையும் மெதுவாகக் கழுவி அகற்றவேண்டும். பழையதன் மேல் புதியதைப் பூசுவது, அழுக்குச் சட்டிக்குள் புதுச் சோறு போடுவது போலாகும். சுரண்டவும் கூடாது, பஞ்சால் தேய்க்கவும் கூடாது. ஈரக் கோஸ் துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறகு களிம்பை நேரே காயத்தில் பிதுக்காமல், கையுறையிட்ட விரலாலோ கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியாலோ எடுத்து, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர், அதாவது ஒரு நாணயத்தின் தடிப்பில் பரப்புங்கள். காயம் தெரியாதபடி மூடியிருந்தால் போதும். நாளுக்கு ஒரு தடவையா இரு தடவையா என்பது டொக்டர் எழுதியபடி. மேலே கோஸ் வைத்து இலேசாகக் கட்டுங்கள். விரல்களைத் தனித்தனியாகக் கட்டவேண்டும். சேர்த்துக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். மருந்துபட்ட துணி கறைபடும், வருந்தவேண்டாம்.

அந்த வெள்ளைப் படலத்தைச் சீழ் என்று பயப்படவேண்டியதில்லை. பயப்படவேண்டியவை வேறு. கெட்ட நாற்றம், பச்சை நிறக் கசிவு, சுற்றிலும் பரவும் சிவப்பு, குறைந்திருந்த நோவு திரும்பக் கூடுதல், காய்ச்சல் ஆகியவை கிருமியின் அறிகுறிகள். உடலெங்கும் தடிப்பு, வாயில் புண், தொண்டைநோவு, கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல் அல்லது குறைதல் ஆகியவை மருந்து ஒத்துவராததன் அறிகுறிகள். எதுவானாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றைக்கே போங்கள்.

ரியூப் ஒருவருக்கு மட்டுமே உரியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்து உதவ நினைப்பது நல்ல மனம்தான், ஆனால் அந்த ரியூபோடு இந்த வீட்டுக் கிருமியும் போகும். திறந்து எத்தனை நாள் பாவிக்கலாம் என்று பாமசியில் கேட்டு, திகதியை ரியூபின் மேலேயே எழுதிவையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் வையுங்கள். கிறீம் கறுத்திருந்தால் பாவிக்கவேண்டாம், வெள்ளி கெட்டுவிட்டது என்று அர்த்தம். காயம் ஆறியபின் மிச்சத்தைத் தகரப் பெட்டிக்குள் போடாமல் வைத்தியசாலையிலோ பாமசியிலோ திருப்பிக் கொடுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து மிச்சத்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் கூடியிருக்கின்றது. காரணம் விளங்குகின்றது. ஆயினும் கெட்டுப்போன மருந்து இல்லாத மருந்தை விட மோசமானது.

தோல் வளரச் சாப்பாடு வேண்டும். "புண் இருக்கு, முட்டை கூடாது, கருவாடு கூடாது" என்று பத்தியம் வைப்பது நம் தோட்டங்களில் இன்னும் உண்டு. தீக்காயக்காரருக்கு முட்டை, பருப்பு, நெத்தலி, பால் எல்லாமே வழக்கத்தை விட அதிகம் வேண்டும்.

கையில் பட்டவருக்குக் கட்டைவிட முக்கியமானது அசைவு. நோவுக்குப் பயந்து மடக்கியே வைத்திருந்தால், ஆறும் தோல் இழுத்துச் சுருங்கி விரல்கள் அப்படியே நின்றுவிடும். பிறகு கொழுந்து கிள்ளவும் முடியாது, மண்வெட்டி பிடிக்கவும் முடியாது. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும், கட்டு இல்லாத அந்தச் சில நிமிடங்களில், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தச் சொல்லுங்கள். முழங்கை, முழங்கால், கழுத்து எரிந்திருந்தால் படுக்கும்போது நீட்டியே வைக்கவேண்டும். கழுத்துக் காயத்துக்குத் தலையணை வேண்டாம். காயம் மூடியபின் பல மாதங்களுக்குப் புதுத் தோலில் வெயில் படாமல் நீளக்கைச் சட்டை போடுங்கள். விரல் இறுகுவதாகத் தோன்றினால் கிளினிக் கொப்பியோடு போய், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.